ஈவும் மீதியும்

பன்னிரண்டு மில்லியன் வெள்ளி.
ஏழு வட்டாரங்கள்.
ஆறு மணிக்கே குளிரூட்டியை நிறுத்திவிடுகிறார்கள் இப்போது,
சிக்கனம்.
ஜூரோங்கில், மூன்றாம் மாடி அலுவலகத்தில்
கணினி வெளிச்சத்தில் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

"சமமாப் பிரிச்சிடு,
யாரும் மனு எழுத மாட்டாங்க"
என்று போகிறபோக்கில் சொன்னார் திரு. ஹெங்,
குடையைத் தேடிக்கொண்டே.
தலைக்கு இவ்வளவு என்றாள் சுவீ லியன்.
கடைக்கு இவ்வளவு என்றார் ரொஸ்னா;
அவர் தம்பியின் நாசி பாடாங் கடையில்
நாலு மேசை கவிழ்ந்து கிடக்கின்றன மார்ச்சிலிருந்து.
எனக்கென்னவோ
போன வேலைகளை எண்ணலாம் என்று தோன்றியது.

எண்ணினேன்.
தொழிற்சாலை மூடிய இரண்டாம் வட்டாரம் சிவப்பு.
கப்பல் பட்டறையை ஒட்டிய ஐந்தாவதும் சிவப்பு.
நான் குடியிருக்கும் நான்காவது வெளிர்பச்சை,
நலம் நலமறிய ஆவல் என்று
எவருக்கோ கடிதம் எழுதுவதுபோல.

அந்தப் பச்சைக்குள்தான் எங்கள் புளோக்.
ஒன்பதாம் மாடித் தெய்வசிகாமணி
காலை ஆறே முக்காலுக்கு
நிறுவனப் பெயர் தைத்த நீலச் சட்டையை
இஸ்திரி போட்டு அணிந்து மின்தூக்கியில் இறங்குகிறார்.
அந்த நிறுவனம் பிப்ரவரியிலேயே இல்லை.
விடுப்பெடுத்த ஒரு நாளில்
நூலகத்தின் நாளிதழ் மேசையில் அவரைப் பார்த்தேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
அல்லது பார்த்தார்.
நூலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும்.
அதுவரை எங்கே இருக்கிறார் என்பதற்கு
என் அட்டவணையில் கட்டம் கிடையாது.
வேலையில்லை என்று அவர் எங்கும் பதியவில்லை,
வீட்டில்கூட.

விடுபட்டோர் காரணி என்று ஒன்றுண்டு,
சூத்திரத்தின் கடைசிப் பெருக்கல்.
அதை நான் தொடலாம்.
தொட்டேன்.
பூச்சியம் புள்ளி நாலை ஐந்தாக்கினேன்.
அறுபதாயிரம் வெள்ளி சத்தமில்லாமல்
சாலையைக் கடந்து நான்காம் வட்டாரத்துக்கு வந்தது.
எங்கிருந்து?
இரண்டிலிருந்து.
இரண்டில் எனக்கு ஒருவரையும் தெரியாது.
தெரியாதவர்களிடமிருந்து எடுப்பது
எவ்வளவு சுலபமாயிருக்கிறது,
விரல்கூட வலிக்கவில்லை.

திரும்ப நாலாக்கினேன்.
அதுவும் வலிக்கவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டம் பதினொரு நிமிடம்.
சமப்பங்கு.
என் சிவப்பையும் பச்சையையும்
மூன்றாம் பின்னிணைப்பில் சேர்க்கச் சொன்னார்கள்.
வட்டாரத்துக்கு 1,714,285 வெள்ளி.
மீதி ஐந்து.

பதினொன்றில் ஏழு நிமிடம்
அந்த ஐந்து வெள்ளிக்குப் போனது.
யாருக்குக் கொடுத்தாலும் மற்ற ஆறு கேட்கும்.
கொடுக்காவிட்டால் தணிக்கை கேட்கும்.
கோப்பிக் கடையில் எங்கள் மூவருக்குக் கோப்பி,
ஆளுக்கொரு ரொட்டி, அவ்வளவுதான் அது.
கடைசியில் அதற்கென்று தனி வரி போட்டோம்:
ஒதுக்கப்படாதது, 5.00.
மொத்த அறிக்கையில்
உள்ளபடி எழுதிய வரி அது ஒன்றுதான்.

வகுத்தால் வரும் விடைக்கு ஈவு என்று
தொடக்கப் பள்ளியில் படித்தோம்.
ஈவு இரக்கத்தில் வருகிற ஈவா என்று
அப்போது கேட்கத் தோன்றவில்லை.
இப்போது கேட்கலாம்.
யாரிடம்?

அன்று மாலை மின்தூக்கியில் அவரும் ஏறினார்.
ஒன்பதை நானே அழுத்தினேன்.
"என்னம்மா, ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியோ?"
"ஆமாண்ணே. உங்களுக்கு?"
"எங்களுக்கும்தான். மூச்சு விட நேரமில்ல."
ஐந்து, ஆறு, ஏழு என்று
எண்கள் ஒவ்வொன்றாய் எரிந்து அணைந்தன.
நீலச் சட்டையின் கையில்
காலையில் போட்ட மடிப்பு
அப்படியே இருந்தது.