சாட்சி, ஏழாம் நம்பர் மலை

மவுசாக்கலை அணைக்கட்டுத் தண்ணீர் மேல்
மிதவை கட்டிய சின்ன விமானம்
நேராகத்தான் இறங்கியது.
பிறகு இடப்பக்கம் புரண்டது,
யாரும் ஏவாமலே.

விமானியை இனிக் கேட்க முடியாது.
அதனால் கொழும்பிலிருந்து வந்தவர்கள்
கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த என்னைக் கேட்டார்கள்:
அவர் திருப்பினாரா, அதுவே திரும்பியதா?

ஸ்டோரில்
நிறுத்திவைத்த ரோல் மெசின்
ராத்திரி ரெண்டு மணிக்குத் தானே ஒரு சுற்றுச் சுற்றி
என் வீட்டுக்காரர் தவராசாவின் மூன்று விரலை
கொழுந்தோடு சேர்த்து முறுக்கியது.
சுவிட்சைத் தொட்டது யார் என்றார்கள்.
பேரேட்டில் விழுந்தது: கவனக்குறைவு.
அதன் கீழே
இடக்கையால் கையெழுத்துப் போட்டார்.

"அதுவேதான்" என்றேன்.

எழுதுகிறவர் பேனாவை நிறுத்தினார்.
அவ்வளவு தூரத்திலிருந்து
உங்களுக்கு எப்படித் தெரியும்?

கூடையை இறக்கி வைத்தேன்.