பத்தரை மணிப் பொட்டலம்

அமிலம் என்றதும் பயந்துவிட்டேன்.
கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டையா
இந்த மனுஷனுக்குக் கரைத்துக் கொடுப்பது?
மெஹர்நிஷா மேடம் சிரிக்கவில்லை.
பருப்பிலும் முட்டையிலும் இருக்கிறதுதாம்மா,
தனியாகப் பிரித்துப் பொடியாக்கியிருக்கிறார்கள் என்று
சீட்டின் பின்பக்கம் மூன்று பெயர் எழுதினார்:
லூசின், ஐசோலூசின், வாலின்.
எனக்கு அது
ஏற்காடு கான்வென்டில் படிக்கும்
அக்கா தங்கைகள் மூவரின் பெயராகக் கேட்டது.

கெட்டுப்போன ஈரலின் வேலையில் கொஞ்சத்தைச்
சதை எடுத்துச் செய்யுமாம்.
சதை இருந்தால்.
சந்தியாகுவின் கைக்கடிகாரம்
இப்போது முழங்கைவரை ஏறி இறங்குகிறது.
இருபத்தாறு வருஷம்
மலைப் பாதையில் பஸ்ஸை ஒடித்துத் திருப்பிய கை.

பார்க்க வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்,
"நிறையக் குடிப்பாரோ?"
டீக்கு மேல் எதையும் தொடாதவர்.
சொல்லிச் சொல்லி வாய் வலித்து
இப்போதெல்லாம் ஆமாம் என்றுவிடுகிறேன்,
சீக்கிரம் கிளம்பிவிடுகிறார்கள்.
அவர்கள்தான் சொன்னார்கள்
பருப்பு ஆகாது, முட்டை ஆகவே ஆகாது,
ஜவ்வரிசிக் கஞ்சி போதும் என்று.
நான் சேகோ ஆலைக் களத்தில்
நாள் முழுக்க ஜவ்வரிசி துழாவுகிறவள்,
வீட்டில் அதற்கா பஞ்சம்?
ஆறு மாதம் கஞ்சிதான்.
அந்த ஆறு மாதத்தை மேடம்
நோட்டில் எழுதிக்கொண்டபோது
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு நீளம்.
வெறும் வயிறாய் விட்டால் விடிவதற்குள் உடம்பு
தன் சதையையே எடுத்துத் தின்றுவிடுமாம்.
அதனால் பத்தரைக்கு ஒரு பொட்டலம்,
கூடவே இரண்டு பிஸ்கட்.
விலை என் அரைநாள் கூலி.
தண்ணீரில் தட்டினால் ஒட்டாமல் மிதக்கும்,
நனைந்த கோழி இறகு வாசம்.
"பிரேக் ஆயில் தேவலை" என்பார்,
மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்.

இது ஈரலைத் திருப்பித் தராது.
மேடம் அதையும் சொல்லித்தான் கொடுத்தார்.

பங்குனியில் ஒருநாள், மணி இரண்டு,
கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து
காற்றில் ஸ்டியரிங் சுற்றினார்.
என்னைத் தனராசு என்று கூப்பிட்டார்,
அவருடைய பழைய கண்டக்டர்.
"ஆள் ஏறியாச்சா? விசில் கொடுடா."
நான் விசில் கொடுத்தேன்.
வேறென்ன செய்வது, கோரிமேட்டில்
அந்த நேரத்தில் ஆட்டோ கிடைக்காது.
வண்டி ஓடட்டும் என்று
விடியும்வரை பக்கத்திலேயே நின்றபடி வந்தேன்.

இந்த மாதம் ஒரு தாள் கொடுத்தார்கள்.
சிதறிக் கிடக்கும் எண்கள்,
ஒன்றிலிருந்து இருபத்தைந்துவரை கோடு போட்டுச் சேர்க்க வேண்டும்.
போன மாதம் ஏழிலேயே மாட்டிக்கொண்டவர்
இன்று பென்சிலை கியர்போல் பிடித்து
ஒன்பது, பத்து, பதினொன்று,
மெதுவாக, ஹாரன் அடிக்காத குறையாக,
இருபதில் நிறுத்தினார்.
"மிச்சத்தையும் சேருங்க" என்றார் மேடம்.
"இருபது வளைவோட மலை முடிஞ்சுது மேடம்.
அப்புறம் ஏரிதான்."
அது தெளிவா மயக்கமா என்று
மேடத்துக்கும் புரியவில்லை.
கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார்.

மருந்துக்கடையில் முப்பது பொட்டலம் கேட்டேன்.
பர்ஸில் பதினெட்டுக்குத்தான் இருந்தது.
திரும்பத் திரும்ப எண்ணினேன்.
"பதினெட்டாவது வளைவுல இறங்கி
மிச்சத்தை நடந்துக்கலாம்" என்றார் சந்தியாகு,
தெளிவாகத்தான்.