ஏறுவதற்குத்தான் காசு

எங்கள் கட்டடத்தில்
இறங்குவதற்குக் காசில்லை.
ஏறுவதற்குத்தான்.

திபிலீசியின் வடகோடி, க்ல்தானி.
பதினோரு மாடி, ஒரே லிஃப்ட்.
உள்ளே சுவரில் அறைந்த இரும்புப் பெட்டி
இருபது தெத்ரி விழுங்கினால்தான்
ஒரு முனகலோடு நகரும்.
இல்லாதவர்க்குப் படி இருக்கிறது,
இருட்டும், பூனை மூத்திரமும்,
ஏழாம் மாடியில் கைப்பிடி உடைந்த திருப்பமும்.

ஆனால் பெட்டியின் தலையில்,
தூசி படிந்த விளிம்பில்,
விடிந்தால் மூன்று காசு இருக்கும்.
யாருக்கென்று எழுதியிராது.
நிறைமாதத்தில் எத்தேரி ஏறியிருக்கிறாள் அதில்.
சம்பளம் வராத மாதங்களில்
கணக்கு வாத்தியார் ஷல்வா,
ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு.
நானும் எடுத்திருக்கிறேன்,
பதினாறு வயதில். ஏறுவதற்கல்ல,
உதிரி சிகரெட்டுக்கு.

வைப்பவர் அவ்தாந்தில் என்று
கட்டடமே சொன்னது.
ஒன்பதாம் மாடி. வங்கி மேலாளர்.
சாம்பல் நிற மேல்கோட்டு, முகம் தெரியும் ஷூ,
எல்லார் பிள்ளைகள் பெயரும் நாக்கு நுனியில்.
வேறு யாராக இருக்க முடியும்?
புத்தாண்டு விருந்தில் கோப்பைகள் உயரும்:
"வலக்கை கொடுப்பதை
இடக்கைக்குச் சொல்லாத மனிதனுக்கு!"
அவ்தாந்தில் புன்னகைப்பார்.
ஆமென்றும் சொன்னதில்லை,
இல்லையென்றும் சொன்னதில்லை.
வாழ்ந்தால் இப்படி வாழவேண்டும் என்று
அம்மா என் பக்கம் திரும்புவாள்.

இரண்டாம் மாடி சியாலாவுக்கு
யாரும் கோப்பை உயர்த்தியதில்லை.
மெட்ரோ வாசலில் சூரியகாந்தி விதை விற்பவள்.
வாயைத் திறந்தால் தெருநாய் ஒதுங்கும்.
என் பந்தைக் குத்திக் கிழித்தவள்.
எத்தேரியின் வயிற்றைப் பார்த்து
"இந்த விலைவாசியில் இன்னொன்றா" என்றவள்.
லிஃப்ட்டில் ஏறியதே இல்லை.
இரண்டு மாடிக்கு எதற்குத் தண்டம் என்பாள்.

ஆம்புலன்ஸில் இரவுப்பணி முடிந்து
ஒரு பிப்ரவரி, ஐந்தரை மணி.
லிஃப்ட் கதவு மூடிக்கொள்ளாதபடி
ஒரு செருப்புக் கால் முட்டுக்கொடுத்திருந்தது.
ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே,
எக்கி நின்றாள் சியாலா.
உப்பும் உமியும் ஒட்டிய விரல்களால்
ஒன்று,
இரண்டு,
மூன்று,
முட்டையை வைப்பதுபோல் வைத்தாள்,
சத்தம் எழாமல்.

திரும்பினாள். பார்த்துவிட்டாள்.
"என்ன பார்வை? பனியை வெளியே உதறிவிட்டு வா."
இரண்டு படி ஏறியபின், முகம் திருப்பாமலே:
"சிகரெட்டுக்கு எடுத்தவன்தானே நீ."

தெரிந்தும் மறுநாள் வைத்திருக்கிறாள்.
அதற்கு மறுநாளும்.

அடுத்த புத்தாண்டு. அதே மேசை,
வால்நட் அரைத்துப் பூசிய அதே கத்தரிக்காய்,
அதே கோப்பை அவ்தாந்திலுக்கு.
எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது.
மேசைக் கோடியில் சியாலா
ரொட்டியைப் பிய்த்தபடி நிமிர்ந்தாள்.
பல்லிடுக்கில் மாட்டிய விதைபோல
சொல் அங்கேயே நின்றது.
குடித்தேன்.
அவ்தாந்திலும் குடித்தார். அவர் கை
லேசாக நடுங்கியதா,
எனக்குத்தான் அப்படிப் பட்டதா, தெரியாது.
நல்லவர்தான். எத்தேரியின் மூன்றாவதன்
பிறந்தநாளைக்கூட மறக்காதவர்.
"நானில்லை" என்ற ஒரு சொல் மட்டும்
இருபது வருடமாக அவர் வாயில் வரவில்லை.

விருந்து முடிந்து வெளியே வந்தபோது
பையில் ஒரே ஒரு காசு.
பெட்டியின் தலையில் வைத்தேன்.
சத்தம் எழாமல் வைக்க
எனக்கு இன்னும் தெரியவில்லை.

பதினோராம் மாடிக்குப் படியேறினேன்.
கைப்பிடி உடைந்த திருப்பத்தில்
மூச்சு வாங்க நின்றபோது
கீழே முனகிக்கொண்டு லிஃப்ட் கிளம்பியது.

யாரோ ஏறுகிறார்கள்.