வியாழக்கிழமை மின்சாரம்

இருபது மில்லிமீட்டர்.
விரலிடுக்கில் காட்டினால்
ஒரு துண்டுப் பாண் தடிப்புத்தான்.
தூக்கிப் பார்த்தபின்தான் நகுலேஸ்
"இதையா ஒட்டப்போறாய்?" என்றான்.

இதைத்தான்.
விறகு பிளக்கும் யந்திரத்துக்கு ஆப்பு.
பின்னால் எட்டுத் தொன் தள்ளும் தண்டு,
முன்னால் பீச் மரத்தின் கணு,
நடுவில் என் ஒட்டு.
விட்டுப்போனால் எந்தப் பக்கம் பறக்கும் என்று
படுக்கையில் கணக்குப் போட்டிருக்கிறேன்.

பூர்க்டோர்ஃபில், நாலு மாடிக் கட்டடத்தின் அடியில்
எங்கள் கராஜில் இருப்பது பத்து அம்பியர்.
கேத்திலுக்குச் சரி.
இரும்பை உருக்கக் கேட்டால் இருட்டிவிடும்.
மும்முனை மின்சாரம் உள்ள ஒரே சுவர்
சலவை அறையில்.
சலவை அறைச் சாவி என் கையில்
வியாழக்கிழமை மட்டும்.

ஆகவே முறையைத் தேர்ந்தது பாதி நான்,
மீதி, துணி துவைக்கும் அட்டவணை.

டிக் வெல்டிங் நகை வேலை;
இந்தத் தடிப்புக்கு அது
கரண்டியால் கிணறு இறைப்பது.
மிக் இருந்தது. தவணையில் வாங்கிய நீல மெஷின்,
கம்பி தானாக ஓடி வரும்,
வாயு போர்வையாய் மூடும்.
சிலிண்டரைக் கண்டு கட்டடக் காவலர் லூட்டி
மூக்கால் மட்டும் பேசினார்.

முதல் வியாழன்.
சைக்கிள்களுக்கு நடுவே முப்பது மீட்டர் கேபிள்.
பழந்துண்டில் ஒரு பரீட்சை ஒட்டு:
மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று.
படமெடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன்,
இதயம் போட்டாள்.
பிறகு குறுக்கே அரிந்து, வைஸில் இறுக்கி,
சம்மட்டி.

மூன்றாம் அடியில் கழன்றது
பலாச்சுளை மாதிரி, முழுசாய்.
அடியில் தகட்டின் தோல்
ஆலையில் பூசிய கருநீலத்தோடு
ஒன்றும் நடவாதது போல் கிடந்தது.

பற்றவைப்பு என்கிறது பாடநூல்.
வைத்திருந்தேன்.
பற்றவில்லை.

மெஷினை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.
விளிம்பைச் சீவவில்லை, தோலை உரிக்கவில்லை,
செதில் அழகில் வேகமாய் ஓடினேன்.
ஆனாலும் அதன் உச்சியே நூற்றறுபது அம்பியர்;
தடித்த இரும்பு அந்தச் சூட்டை
தண்ணீர் குடிப்பது போல் குடித்துவிடும்.

குச்சிக்கு மாறினேன்.
புகையும், பொரியும், கசடு கட்டும்,
ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொத்திக் கொத்தித் தேய்க்க வேண்டும்.
ஈரம் குடித்த குச்சி இரும்பை வெடிக்க வைக்குமாம்;
முந்நூறு பாகையில் இரண்டு மணி காயவை என்கிறது பெட்டி.
"எங்கட போறணையிலயா?"
நகுலேஸ் கேட்ட தொனியில்
காற்றெடுத்து மூடிய பொட்டலமே வாங்கிவந்தேன்.

இரண்டாம் வியாழன்.
இரு விளிம்பும் முப்பது பாகை சாய்த்துச் சீவி
வாய்க்கால் ஒன்று.
துளி நீர் தொட்டதும் ஓடும்வரை சூடேற்றி,
அடியில் ஒன்று, மேலே ஆறு,
ஏழாவது கோணல். கை நடுங்கியது.
ஆறவிட்டேன். அரிந்தேன். இறுக்கினேன்.

பதினோரு அடி.
மடிந்தது. முழங்கால் போல மடிந்தது.
வாய் திறக்கவில்லை.
பன்னிரண்டாவதுக்குக் கை ஓங்கும்போது
கோயில் மணி நண்பகல் அடித்தது.
ஒன்றரை வரை இந்த ஊரில்
ஆணி அடித்தாலும் குற்றம்.

அப்போதுதான் நினைவு வந்தது:
சாவிக்கு நியாயம் காட்ட
காலையில் மெஷினில் போட்ட துணி.

கொடியில் எல்லாம் விரித்துக் கிடந்தன.
பொறி தின்ற என் வேலைச் சட்டை
தோள் மடிப்புக் கலையாமல், இரண்டு கிளிப்போடு.
பக்கத்தில் மூன்றாம் மாடி சவுக் அம்மாவின்
பென்சில் எழுத்து:

"ஒன்பது ஓட்டை எண்ணினேன்.
எனக்குச் செவ்வாய்க்கிழமைகளில்
அவ்வளவு துணி இல்லை."

காகிதத்துக்கு மேலே
அவருடைய சாவி.