இரண்டு நடை

கிளைப்பேதாவிலிருந்து ஸ்மில்தினேவுக்கு
படகு போக எட்டு நிமிடம்.
கயிறு அவிழ்ப்பேன், கயிறு கட்டுவேன்.
நடுவில் யாருடனும் பேச வேண்டியதில்லை.
அதற்காகவே இந்த வேலையில் சேர்ந்தாய் என்று
ஔஷ்ரா ஒருமுறை சொன்னாள்.
சிரித்தேன்.
பிறகு பதினொரு நாள் அவளோடு பேசவில்லை.

பதினொன்று என்பது அவள் எண்ணிய கணக்கு.
சமையலறை நாள்காட்டியில்
பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி.
அவள் போன பிறகுதான் பார்த்தேன்.
மார்ச்சில் நான்கு.
மே மாதம் முழுக்க அம்மை போட்டதுபோல்.

நான் கை ஓங்கியதில்லை.
கெட்ட வார்த்தை சொன்னதில்லை.
அதையே நற்சான்றிதழ் மாதிரி
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.
கதவைச் சாத்தாமலே
ஒருத்தியை வெளியே நிறுத்தலாம்,
கணப்பு எரியும் வீட்டுக்குள்ளேயே
பனியில் நிறுத்தலாம்.
எனக்கு அது கைவந்த வித்தை.
வீட்டுவழி வந்தது.

ஒரு வலை கிழிந்ததற்கு
அப்பா மூன்று வாரம் வாய் திறக்கவில்லை.
மேசையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும்
நான்தான் தோணி.
"உன் அம்மாவிடம் சொல், சூப் ஆறிப்போச்சு."
அம்மா இரண்டடி தள்ளி
கரண்டியோடு நின்றிருப்பாள்.
திரும்பிச் சொல்வேன்:
அம்மா, சூப் ஆறிப்போச்சாம்.
அந்த 'ஆம்'
இன்னும் என் நாக்கில் ஒட்டியிருக்கிறது.

போன அக்டோபரில்
பீட்ரூட் சூப்பைத் தள்ளிவைத்துவிட்டு
உக்னேயைப் பார்த்துச் சொன்னேன்:
"உன் அம்மாவிடம் சொல்,"
ஒன்பது வயது. முகத்தைத் திருப்பினாள்.
அவள் வாய் திறப்பதற்குள்
ஔஷ்ரா எழுந்துவிட்டாள்.
கத்தவில்லை.
குழந்தையின் கோட்டை எடுத்தாள்,
பிறகு தன்னுடையதை.
அந்த வரிசை எனக்கு மறக்காது.

குளிர்காலம் முழுக்க
நானே என்னோடு பேசாமல் இருந்தேன்.
அலமாரியில் அவள் பக்கம் வெறும் ஹேங்கர்கள்.
கதவைத் திறந்தால் ஒன்றையொன்று தட்டும்.
நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.
அழுகை வரவில்லை, முதுகுவலி வந்தது.
மருத்துவர் தொட்டுப்பார்த்துவிட்டு
மாத்திரைக்குப் பதில் ஒரு முகவரி எழுதித் தந்தார்:
செவ்வாய்க்கிழமை, நூலகத்தின் கீழ்த்தளம்,
ஏழு ஆண்கள், ஒரு கெட்டில்.
ஐந்தாவது வாரம் வாய் திறந்தேன்,
என் கார் பிரேக்கைப் பற்றி.
ஒருவரும் சிரிக்கவில்லை.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ரிம்விதாஸ் மட்டும்
"பிரேக் கிடக்கட்டும், எங்கே போய்க்கொண்டிருந்தாய்?" என்றார்.
பதில் சொல்ல இன்னும் மூன்று செவ்வாய் ஆனது.

ஔஷ்ரா திரும்பி வரமாட்டாள்.
இதைப் படகு நேரம் சொல்வதுபோல்
சொல்லப் பழகியிருக்கிறேன்.
எனக்கு அக்கறை வந்தபோது
அவள் அக்கரையில் இருந்தாள்.
நிதாவில் வீடு, பள்ளியில் வேலை,
புதிதாய் வெட்டிய முடி. அழகாகத்தான் இருக்கிறது.
சனிக்கிழமைகளில் உக்னேயைப் படகுத்துறைவரை கொண்டுவந்து
கையசைப்பாள். நானும்.

போன சனிக்கிழமை
பையைக்கூட இறக்காமல் உக்னே சொன்னாள்:
"அடுத்த வாரம் நான் வரலை.
அம்மா உங்ககிட்ட சொல்லச் சொன்னா..."

உள்ளே அந்தப் பழைய ஏரி உறையத் தொடங்கியது,
கரையிலிருந்து நடுவுக்கு,
எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தத்தோடு.
வாயை மூடிக்கொண்டால் போதும்.
எவ்வளவு சுலபம்.

"நீ சொல்ல வேண்டாம்" என்றேன்,
"அம்மாவிடம் நானே கேட்டுக்கொள்கிறேன்."
பிறகு, தொண்டையில் மீன்முள்ளோடு:
"எனக்குக் கோபமாக இருக்கிறது.
உன்மேல் இல்லை.
சரி, கொஞ்சம் உன்மேலும்தான்.
ஆனால் பேசாமல் இருந்துவிட மாட்டேன்.
கொஞ்ச நேரம் கொடு."

"எவ்வளவு?"

"இரண்டு நடை."

எஞ்சின் அறைக் கதவோரம்
சூடு வரும் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.
சைக்கிள்கள் ஏறின. ஒரு நாய் ஏற மறுத்தது,
தூக்கி வந்தார்கள்.
எட்டு நிமிடம்.
கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்தால்
கூட்டத்துக்கு மேலே
கையுறை போட்ட ஒரு விரலைத் தூக்கிக் காட்டுகிறாள்.

ஒன்று ஆச்சு.