தெருப்பக்கம் சாய்ந்த அறை

திப்லிசியில், மூன்றாம் மாடியில், இரண்டே அறை.
மூன்றாவதுக்கு ஏழு மாதம், என் வயிற்றில்.

மூத்தவள் நீனுட்சா குளியல் தொட்டியில் படுத்துப் படிப்பாள்,
யாராவது அவசரமாகத் தட்டும்வரை.
இளையவன் தூங்குவது சமையலறைக் கதவின்மேல்.
கழற்றி, நான்கு செங்கல்மேல் போட்டிருந்தோம்.
சாத்தி மறைக்க எங்களிடம் என்ன இருந்தது?

நோதர் பழைய டிராம் பட்டறையிலிருந்து
இரும்புச் சட்டங்கள் கொண்டுவந்தான்.
பால்கனியை இழுத்து அறையாக்கிவிடலாம் என்றான்,
ஏதோ மேசை இழுப்பறை மாதிரி.

கீழ்வீட்டார் முன்பே நீட்டிவிட்டார்கள்.
எங்களுக்குக் கூரைக்குத்தான் பணமில்லை.
மேல்வீட்டு லமாரா டிராலிபஸ் ஓட்டுகிறவள், தனியாள்.
இருக்கிற அறையே அவளுக்கு மிச்சம்.
"என் தரை, உங்கள் கூரை. அவ்வளவுதானே?"
பாதிச் செலவை மேசையில் எண்ணிவைத்தாள்.
என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இப்போது வீட்டுக்கு நடுவில் ஒரு ஜன்னல்.
முன்பு மழை தெரிந்த இடத்தில்
நோதர் காலுறை மாற்றுவது தெரிகிறது.
சாப்பாட்டுத் தட்டுகளை அதன் வழியே நீட்டுகிறேன்.
தரை கொஞ்சம் தெருப்பக்கம் சாய்வு;
கோலிக்குண்டு தானாகப் புறப்பட்டுவிடும்.
தொட்டிலுக்குச் சக்கரமே வேண்டாம் என்றுவிட்டேன்.

நேற்று ராத்திரி பிள்ளைகளை எண்ணினேன்,
ஒன்று குறைந்தது.
மேலே போய்ப் பார்த்தால்
லமாராவின் வெற்று அறையில் குப்புறப் படுத்து
நீனுட்சா கணக்குப் போடுகிறாள்.
கூப்பிடாமல் இறங்கி வந்தேன்.

விளக்கணைத்துப் படுத்ததும், என் தலைக்கு நேர்மேலே
பென்சில் ஒன்று விழுந்து உருள்கிறது.
அங்கேயும் தெருப்பக்கம்தான்.