லோடு

மண்டி பூட்டும் நேரம்.
கடைசி மூட்டை இறங்கிய எடைமேடையில்
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன்.
சிவப்பு எண்கள் தடுமாறி நின்றன:
எழுபத்தெட்டு கிலோ நானூறு.
"சாக்கு எடை கழிக்கோணுமாக்கா?" என்றான் வையாபுரி.
சேலையைச் சொல்கிறான்.

மூணு வருசம் முன்னால் ஐம்பத்தாறு.
அப்போதைய மாத்திரைக்குக் கனாத்தான் வரும்.
காலிங்கராயன் வாய்க்காலில் ஒரு வீடு மிதந்து போகும்,
உள்ளே நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பேன்.
மாத்திரையை மாற்றினார்கள்.
கனா நின்றது, சதை வந்தது.
ஜாக்கெட்டை இரண்டு தரம் பிரித்துத் தைத்தாயிற்று.
இனிப் பிரிக்க உள்ளே துணியில்லை.

பெரியாஸ்பத்திரியில் சுகந்தி, என் மகள் வயசு,
தாளைத் திருப்பிக் காட்டினாள்:
"வைரஸ் லோடு சுத்தமா இல்லீங்கக்கா.
இந்த லோடுதான் ஏறிப்போச்சு."
இரண்டு பேரும் சிரித்தோம்.
நடக்கணுமாம். எண்ணெய் குறைக்கணுமாம்.
அடுத்த மாசம் சர்க்கரை பார்க்கணுமாம்.
விடிந்ததிலிருந்து குந்தியபடி
விரலி வேறு கிழங்கு வேறு பிரிக்கிற கால்
பொழுது சாய்ந்தால் நீள்வதே பெரும்பாடு.
"மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க"
வாசல்வரை வந்து சொன்னாள்.
நிறுத்துவேனா.

குமாரபாளையத்தில் என் விலா எலும்பை எண்ணியே
கண்டுபிடித்தார்கள்.
இங்கே பாவாயக்கா கன்னத்தைக் கிள்ளுகிறாள்:
"அப்பிடி என்னதான் திங்கற? எங்களுக்குஞ் சொல்லு."
நாக்கு நுனிவரை வந்தது.
"மஞ்சத் தூசிதானுங்" என்றேன்.
இந்தச் சதை போர்த்தியிருக்கிறவரை
நான் வெறும் குண்டுப் பொம்பளை.
அதிலே ஒரு சுகம் இருக்கிறது,
மூட்டுவலிக்கு நடுவிலும்.

நாச்சிமுத்துவைத் தூக்க நாலு பேர் வரவில்லை.
வந்த இருவர் போதும் என்றார்கள்.
கனமே இல்லையே என்று
சுடுகாடுவரை பேசிக்கொண்டே போனார்கள்.
முப்பத்திநாலு கிலோ.
அரை மூட்டை மஞ்சள்.
இந்த மாத்திரை அன்றைக்கு வந்திருந்தால்
அந்த மனுசனும் தொப்பை தள்ளி,
சட்டைப் பொத்தான் தெறிக்க,
சோறு பத்தலைன்னு என்னோடு சண்டை போட்டிருப்பான்.

"எனக்கொரு எடைச்சீட்டு போடு" என்றேன்.
வையாபுரி பேனாவை நிறுத்தினான்.
"சரக்குன்னு இருக்கற எடத்துல?"
"விரலின்னு எழுது."
மேலும் கீழும் பார்த்தான்.
"மனசாட்சி வேணாமாக்கா? கிழங்குன்னே போடறேன்."

மாத்திரை டப்பாவில் மடித்து வைத்திருக்கிறேன்.
ஒன்பது மணிக்கு மூடியைத் திறந்தால்
கையெல்லாம் மஞ்சள்.